பல்சட்டம்

செவ்வாய்க்கிழமைக்குள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.
பத்து நாளாய் இதையேதான் சொல்கிறேன்,
இடையில் ஒரு செவ்வாய் போய்விட்டது.

கோத்தகிரியில் பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை.
விசைப்பலகை இடுக்கெல்லாம் வர்க்கித் தூள்.
ஜன்னலை மூடினால் ஈரம், திறந்தால் மேகம்.

பிலோமின் ரியாக்ட் என்கிறாள்.
நான் ஜாங்கோ என்கிறேன்.
ஒப்பீட்டு அட்டவணையில் பதினேழு கட்டம்,
பச்சை, மஞ்சள், சிவப்பு.
அதைப் பராமரிக்கவே தனியாக ஒரு மென்பொருள் எழுத வேண்டும்போல.
மாதிரிக்கென்று அவள் இறக்கிய பொதிகள்
கரண்ட் போவதற்குள் வந்து சேரவில்லை.
என் மாதிரி முடிந்துவிட்டது,
பார்க்கத்தான் சகிக்கவில்லை.

கேட்டவர்கள் கேட்டது இவ்வளவுதான்:
பசுந்தேயிலை எடைபோடும் இடத்தில்
யார், எத்தனை கிலோ,
ஈரத்துக்குக் கழித்தது எவ்வளவு.
துண்டுச்சீட்டு நனைந்து எண் அழிகிறது,
மாதக் கடைசியில் சண்டை.

நேற்று ஜக்கனாரைக்குப் போனோம்.
எடைக்காரர் போஜனின் போனில் குறுக்கே விரிசல்,
ஒரே ஒரு கோடு சிக்னல்,
அதுவும் தராசுக்கு இடப்பக்கம் நின்றால்.
பிலோமினின் பக்கம் சுற்றியது, சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது.
என்னுடையது திறந்தது;
கறை ஏறிய அந்தக் கட்டைவிரலுக்கு
பொத்தான் அகப்படவில்லை.
இரண்டையும் பார்த்துவிட்டு
"பின்னால வரிசை நிக்குதுங்க" என்றார்.
முள் நாற்பத்திரண்டில் ஆடி நின்றது.
பழைய சீட்டிலேயே எழுதினார்.

திரும்பும் பேருந்தில் பேசிக்கொள்ளவில்லை.
அரவேணு வளைவில் அவள்தான் கேட்டாள்:
"மலை ரயில்ல பல்சட்டம்
கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும்தானே?"
ஆமாம்.
அதற்கு மேலே வெறும் தண்டவாளம்.
ஊட்டி வரைக்கும் பல் இல்லாமலே போய்விடும்.

இரவு அட்டவணையைத் திறக்கவில்லை.
கணக்கு, கடவுச்சொல், தொழிற்சாலைக்கான பக்கங்கள்,
செங்குத்தானது அத்தனையும்
ஜாங்கோவின் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறட்டும்.
போஜனுக்கு ஒரே பக்கம்:
மூன்று கட்டம், ஒரு பொத்தான்,
சிக்னல் கிடைக்கும்வரை
எண்ணைப் போனே பிடித்து வைத்திருக்கும்.
அதை எந்தச் சட்டகமும் இல்லாமல்
வெறுங்கையால் எழுதுகிறாள் பிலோமின்,
நான் ஜெயித்ததாகச் சொல்லிவிடக் கூடாதென்று.

சொல்லவில்லை.
பதினேழு கட்டத்தில் ஒன்றிலும்
விரலின் அகலம் இல்லை,
போட்டது நான்தான்.

கீழே அடுப்பு மூட்டிவிட்டார்கள்,
தரை லேசாய்ச் சுடுகிறது.
செவ்வாய்.
பொத்தானை இன்னும் கொஞ்சம்
பெரிதாக்கு என்கிறேன்.
ஏற்கெனவே பாதித் திரை அதுதான் என்கிறாள்,
பெரிதாக்குகிறாள்.