எண்ணாலும் எழுத்தாலும்

பதினோரு வருஷமாகப்
பிறர் நோய்க்குத் தொகை எழுதுகிறேன்.
தோட்டப்பாளையத்தில் ஒரு ஆறு மாடி ஆஸ்பத்திரி,
தரைத்தளத்தில் மூன்றாம் ஜன்னல்,
இன்ஷூரன்ஸ் என்று சிவப்புப் பலகை.
சித்தூரிலிருந்து வருவார்கள்,
இரண்டு ராத்திரி ரயிலேறிக் கொல்கத்தாவிலிருந்தும்.
கையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே எக்ஸ்ரே,
கண்ணில் ஒரே கேள்வி:
எவ்வளவு தருவான்?

'முன்பே இருந்த நோய்' என்று
நாளைக்கு நாலு முறையாவது தட்டுகிற விரல்கள்.
பெங்காலியில் அதை எப்படிச் சொல்வது என்றுகூடப்
பழகிவிட்டது.

அதே விரல்களோடுதான்
மொச்சைக்குப் படிவம் நிரப்ப உட்கார்ந்தேன்.

தேசிங்கு கொடுத்துவிட்டுப் போனது.
வண்டிக்கு, கறவை மாட்டுக்கு,
இப்போது நாய்க்கும் எழுதுகிறான்.
"வருஷத்துக்கு மூவாயிரத்து எழுநூறுதாங்கா.
திடீர்னு ஒரு ஆபரேஷன்னா இன்னா பண்ணுவீங்க?"
யாரிடம் கேட்கிறான் பார்.

பெயர்: மொச்சை.
நிறம்: மொச்சைதான், அதனால்தான் அந்தப் பெயர்.
இனம்: நாட்டு நாய்.
வயது: ஐந்து இருக்கும்.
'இருக்கும்' என்பதற்குக் கட்டம் இல்லை.
வாங்கிய ரசீதை இணைக்கவும்.

ரசீது.
காட்பாடி மேம்பாலத்துக்குக் கீழே
ஷேர் ஆட்டோ இடித்துவிட்டுப் போன மழை இரவில்
என் ஹெல்மெட்டுக்குள் சுருண்டு வந்தது.
கொடுத்த விலை ஒரு துப்பட்டா.

ஊனம், பழைய காயம் உண்டா?
பின்னங்கால், இடது.
உண்மையை எழுதினால்
அந்தக் காலுக்குக் காப்பீடு கிடையாது.
மூன்று காலும் ஒரு வாலும் உள்ள நாயை
எடுத்துக்கொள்வார்கள்,
நொண்டுவதை மட்டும்
என் வீட்டிலேயே விட்டுவிடுவார்கள்.
மறைத்து எழுதலாம்.
மறைத்து எழுதியவர்கள்
என் ஜன்னலுக்கு வந்து நிற்கும்போது
எப்படி நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம், சந்தை மதிப்பு,
எண்ணாலும் எழுத்தாலும்.

கோதண்டத்தைக் கேட்டேன்.
ராணிப்பேட்டையில் தோல் தரம் பிரிக்கிறவர்.
உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு,
விரலால் தடவியே சதுர அடிக்கு விலை சொல்வார்.
சாயங்காலம் அந்த வாசனையோடு வாசலில் நின்றால்
மொச்சை அவர் முழங்கை வரை நக்கும்.
அன்றும் நக்கியது.
அதன் முதுகைத் தடவிக்கொண்டே வந்த விரல்
பழக்கத்தில் ஒரு தழும்பில் நின்றது.
"உயிரோட இருக்கறதுக்கு
எனக்கு வெலை தெரியாதும்மா" என்றார்.
கை கழுவப் போய்விட்டார்.

கணக்குப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.
போன சித்திரை, நூற்றெட்டு டிகிரி வெயிலில்
உண்ணிக் காய்ச்சல்.
நாலு பாட்டில் டிரிப்ஸ், ரத்தப் பரிசோதனை,
டாக்டர் ஃபர்ஹானா ஃபீஸைக் குறைத்த பிறகும்
மூவாயிரத்து இருநூறு.
தொண்டையில் சிக்கிய எலும்புக்கு அறுநூறு.
காய்ச்சல் விதிவிலக்கு, பதினாலாம் பக்கம்.
எலும்பு ஆயிரத்துக்குக் கீழ், தரமாட்டார்கள்.
செத்துப்போனால் தருவார்கள்.
பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும்,
நாலு பக்கமிருந்தும் எடுத்த படங்கள் வேண்டும்.

செத்த மொச்சையைச் சுற்றிச் சுற்றி வந்து
வெளிச்சம் போதுமா என்று பார்க்கிற என்னை
ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன்.

வேண்டாம் என்று தேசிங்குக்குச் செய்தி அனுப்பினேன்.
மாதம் முந்நூறு தபால் ஆபீஸில் போடப்போகிறேன்.
அதுவும் பயம்தான்,
வேறு பாஸ்புக்கில்.

சரியான முடிவா?
அது தெரிய வேண்டுமானால்
ஒரு லாரி வர வேண்டும்,
அல்லது வயிற்றில் ஒரு கட்டி,
அல்லது யாரும் போனை எடுக்காத
ராத்திரி இரண்டு மணி.
தெரியாமலே போகட்டும்.

எதிர் மதில்மேல் பூனை.
மொச்சை மூன்று காலில் பாய்கிறது,
நாலாவது
தன்பாட்டுக்குப் பின்னால் வருகிறது.