தொடையெழுத்து

ரூசெலாரே போகும் லாரியில்
இன்றும் இரண்டு பன்றிகள் வழியிலேயே விறைத்துப்போயின.
அடியில்லை, நோயில்லை.
வளைவில் ஒரு ஹாரன், அவ்வளவுதான்.

ஹோடலீவ் கையுறை மாட்டித்
தொடையில் ஒரு துண்டு நறுக்குகிறாள்.
செத்து ஒரு மணி நேரம்.
இன்னும் கொதிக்கிறது.

தசைக்குள் கால்சியத்துக்கு ஒரு வாசல் உண்டு.
திறந்தால் இறுகும், அடைத்தால் தளரும்.
இவற்றுக்குத் திறந்தது அடைபடவே இல்லை.
பல்லாயிரம் எழுத்துக்கு நடுவே
ஓரெழுத்துப் பிழை.
தலையெழுத்து என்று வாயெடுத்தால்
தொடையில் அல்லவா எழுதியிருக்கிறது!

"அந்தப் பிழைதானம்மா எனக்குக் கொழுப்பில்லாத கறி"
என்கிறார் ஓடீல், தொப்பியைக் கழற்றாமல்.
"திருத்திக் கொடுத்தால்
கிலோவுக்கு நாலு பிராங்க் போகும்."
அவள் வாதாடவில்லை.
குப்பியில் எண் எழுதுகிறாள்.

மாலையில் மருத்துவமனைப் படிவம்,
முழங்கால் அறுவைக்கு.
ஏழாவது கேள்வி:
குடும்பத்தில் எவரேனும்
மயக்க மருந்தில் இறந்ததுண்டா?

தம்பி வாவுடர். ஒன்பது வயது. டான்சில்.
இதயம் என்றுதான் சொன்னார்கள்.
ஆனால் நெற்றியைத் தொட்ட அம்மா
சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

கட்டத்தைக் காலியாக விட்டு
ஆய்வகத்துக்குத் திரும்புகிறாள்.
சட்டைக் கையை மடித்து,
பன்றிகளின் வரிசையில்
இன்னொரு குப்பி வைக்கிறாள்.
எண் மட்டும்.