இருவரும் ஒருவரே

மேயோ ஹால் பக்கத்தில், புங்கமரத்தடியில்
நோட்டரியின் தட்டச்சுக்காரர் கேட்கிறார்:
யாரும்மா எழிலரசி, யாரும்மா மாசிலாமணி?
ரெண்டும் நான்தான் என்கிறேன்.
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
நூறு ரூபாய் முத்திரைத்தாளில் அடிக்கிறார்:
இருவரும் ஒருவரே.

ஆதாரில் எழிலரசி, பின்னால் ஓர் எம்.
பான் அட்டையில் அந்த எம் விரிந்து
முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.
சம்பளச் சீட்டில் எலிலரசி.
வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ அவசரத்தில் தட்டியது.
பதினோரு வருடமாக
அந்த எலிதான் சம்பளம் வாங்குகிறது.

ஹொரமாவில் மூன்றாவது மாடி.
இரண்டு அறை, கிழக்கு ஜன்னலில்
பக்கத்துக் கட்டடத் தண்ணீர்த்தொட்டியின் முதுகு.
விற்கிற நாகவேணி அம்மாவுக்கு
முப்பதாம் தேதி மெல்போர்னுக்கு விமானம்.
வங்கிக் கடிதம் இருபத்தெட்டு வரை செல்லும்.
வில்லங்கச் சான்றுக்கு ஏழு வேலைநாள்.
நடுவே இரண்டாம் சனி, நாலாம் சனி,
குங்குமம் வைத்துக்கொண்டு
கணினிகள் சும்மா இருந்த ஆயுத பூஜை.

எங்கள் தெருவில் அந்தச் சொல்லை
ஆளுக்குத்தான் சொல்வோம்,
சரியான வில்லங்கம்டா அவன் என்று.
இங்கே முப்பது வருடத்துக்கு
அது இல்லை என்று அரசாங்கம் எழுதித் தர வேண்டும்.
பதினேழாம் பக்கத்தில் இருந்தது.
இரண்டாயிரத்து மூன்றில் ஒரு கடன்.
அடைத்தாயிற்று. அடைத்ததை யாரும் பதியவில்லை.
கொடுத்த வங்கியிடம் கேட்கலாமென்றால்
அந்த வங்கியே இப்போது இல்லை,
இன்னொரு வங்கிக்குள் போய்விட்டது.

கடன் பிரிவுத் தேஜஸ்
எப்போது அழைத்தாலும் இப்படித்தான் தொடங்குவான்:
மேடம், சின்ன விஷயம் ஒண்ணு.
சின்ன விஷயங்கள் இரண்டு கோப்புகளைத் தாண்டிவிட்டன.
ஒருநாள் சொன்னான்,
உங்க கையெழுத்து உங்க கையெழுத்து மாதிரி இல்ல.
வீட்டுக்கு வந்து
பழைய காசோலையைப் பார்த்துப் பார்த்து
என்னைப் போலப் போடப் பழகினேன்.

வங்கியில் டோக்கன் நாற்பத்தாறு.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள்,
மிஸ்டர் மாசிலாமணி!
அப்பா போய் ஆறு வருடம்.
ஒன்பது வாடகை வீடு மாறியவர்.
காலண்டர் மாட்ட ஓர் ஆணிக்கு
வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டு நின்றவர்.
மிஸ்டர் மாசிலாமணி, வீட்டுக்கடன்!
இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று
உட்கார்ந்தே இருந்தேன்.
பிறகு எழுந்து போனேன்.

இருபத்தெட்டாம் தேதி, பதிவாளர் அலுவலகம்.
மென்பொருளுக்குக் காவேரி என்று பெயர்.
இன்னிக்குக் காவேரி வரலை மேடம் என்றார் உதவியாளர்.
என் ஆதாரில் ஊர் தஞ்சாவூர்.
அவர் அதைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.
வேறொன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.
நாகவேணி அம்மா பையிலிருந்து
சித்ரான்னம் எடுத்துப் பாதி கொடுத்தார்.
சாயங்காலம் வரை பெஞ்சிலேயே இருந்தோம்.
வரவில்லை.

மறுநாள் காலை கடிதத்தை நீட்டித் தந்தார்கள்,
கால் சதவீதம் கூட்டி.
அந்தக் காலோடுதான்
இருநூற்று நாற்பது மாதம் நான் நடக்க வேண்டும்.
மாலை ஐந்து நாற்பதுக்குக் காவேரி வந்தது.
என் கட்டைவிரலை நாலு முறை மறுத்த இயந்திரம்
புடவையில் துடைத்து வைத்த ஐந்தாம் முறை
நான் நான்தான் என்று ஒத்துக்கொண்டது.
விமானத்துக்கு ஒன்பது மணி நேரம் இருந்தது.
கைப்பையில் சாவியைத் தேடியபடியே
குளியலறைக் குழாயைக் கொஞ்சம் அழுத்தித் திருகணும்
என்றார் நாகவேணி அம்மா.

ஞாயிறு தனியாகப் போனேன்.
பத்திரம் வங்கியில் இருக்கிறது,
நகல்தான் என்னிடம்.
அதில் எழிலரசிக்கு ழகரம் சரியாக இருக்கிறது,
கதவிலக்கம்தான் ஒன்று தள்ளிப் போயிருக்கிறது.
அதை நாளைக்குப் பார்க்கலாம்.
சுத்தியலை எடுத்து
கூடத்துச் சுவரில், யாரையும் கேட்காமல்,
முதல் ஆணியை வைத்து அடித்தேன்.
வளைந்துவிட்டது.
கான்கிரீட்.