அழித்த தடம்

ஸ்பிளிட்டிலிருந்து சுபெடாருக்குக் கடைசிப் படகு.
உப்பும் டீசலும் கலந்த காற்றில்
நாங்கள் பதினோரு பேர்
ஒரே ஒரு பந்தை
இன்னும் தரையிறங்க விடவில்லை.

"வெளியே" என்கிறான் டூயம்.
பியர் மூடியை மேசையில் வைத்து
இரண்டு விரல் தள்ளித் தட்டுகிறான்:
"இங்கே. சத்தியமாக இங்கே.
கோட்டு நடுவர் கையை நீட்டியாயிற்று.
ஆறுக்கு ஆறு ஆகியிருக்கும்.
யார் இவனைப் போய்ப் பார்க்கச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை.
லோவ்ரே போனான்,
பத்தொன்பது வயது, மருந்துக்கடை வீட்டுப் பிள்ளை,
எங்கள் தீவு இதுவரை வளர்த்த ஒரே இடக்கை.
செம்மண்ணில் குனிந்தான்.
தடத்தைப் பார்த்தான்.
காலணியால் ஒரு தேய்ப்பு.
எதிர்ப்பக்கம், முழங்காலில் கட்டுப்போட்ட
முப்பத்தேழு வயது உருகுவேக்காரன் பர்போசா
நம்பாமல் ஒரு கணம் நின்றுவிட்டு
வலையை நோக்கி நொண்டி வந்தான்.
முடிந்தது.

முடியவில்லை, படகில்.

தோங்கா சொல்கிறாள், அவன் பார்த்தது வேறு தடம்.
மூன்றாம் செட்டில் அந்த மூலையெங்கும்
அம்மைத் தழும்பு மாதிரி நூறு குழிகள்.
எதோ ஒரு பழைய பந்தின் குழியைப் பார்த்து
புதிய பந்தைக் கொடுத்துவிட்டான்.
"நல்லவனாக இருக்கட்டும், வேண்டாமென்று சொன்னேனா?
கொஞ்சம் கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கட்டும்."

யெரே முப்பது வருடம் சுங்கத்தில் இருந்தவர்.
"அத்தனை வருடத்தில்
'என் பையில் இருக்கிறது' என்று தானாக வந்து சொன்னவர்கள் இரண்டே பேர்.
ஒருவன் பைத்தியம்.
இன்னொருவன் பையைத் திறந்தால்
ஒன்றுமே இல்லை."
எல்லோரும் சிரிக்கிறோம்.
அவர் சிரிக்கவில்லை.

நெதெல்கா மடியில் தூங்கும் மகளின்
காதைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள்:
"கடைசிப் பந்தைப் பிடித்துத் தொங்குகிறீர்களே,
முதல் செட்டில் ஐந்துக்கு இரண்டு என்று இருந்ததே,
அது எங்கே போயிற்று?
கிழவன் ஓடவே இல்லை.
தான் ஓட வேண்டியதையெல்லாம்
நம் பையனை வைத்தே ஓடிக்கொண்டான்."

அதற்கு யாரிடமும் பதில் இல்லாததால்
மறுபடி பந்துக்கு வருகிறோம்.

உள்ளேதான், என்கிறேன் நான்.
கோட்டின் வெளிவிளிம்பை உரசியது,
சுண்ணாம்பு ஒரு சிட்டிகை கிளம்பியது,
நான் பார்த்தேன்.
மேசையைத் தட்டிச் சொல்கிறேன்.
படகில் என் குரல்தான் பெரிது.

நான் பார்க்கவில்லை.

ஐந்துக்கு ஐந்தில் எழுந்து வெளியே ஓடினேன்,
வண்டி நிறுத்தக் காசு போட.
மைதானத்துச் சுவருக்கு இந்தப் பக்கம்
சட்டைப்பையில் சில்லறை தேடியபடி கேட்டது இவ்வளவே:
மட்டையின் ஒரு விண்.
'வெளியே' என்றொரு குரல்.
மூவாயிரம் பேரின் ஆரவாரம் எழும்பி, எழும்பி,
மின்சாரம் போன விசிறியாக
சுற்றிச் சுற்றி அடங்கியது.
பிறகு ஒற்றை ஆள் கைதட்டும் சத்தம்.
யாரென்று கேட்கலாம் இவர்களிடம்.
கேட்டால் அகப்பட்டுக்கொள்வேன்.

கரை வருகிறது. சங்கிலி உறுமுகிறது.
கீழ்த்தளத்தில் வண்டிகளுக்கு இடையே
பக்கவாட்டில் நடந்து போகிறோம்.
டூயம் இன்னும் திட்டிக்கொண்டே வருகிறான்,
ஆனால் குரலில் பாதி இப்போது வேறென்னவோ:
"அம்மாவிடம் என்ன சொல்லுவானோ, மடையன்."

என் வண்டியின் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில்
மடித்துச் செருகிய அபராதச் சீட்டு.
அவசரத்தில் எடுக்காமலே ஓட்டி வந்திருக்கிறேன்.
தேதி, வண்டி எண்,
மணி ஏழு ஐம்பத்திரண்டு.
அந்த நிமிடம் நான் எங்கே நின்றேன் என்பதற்கு
உலகத்தில் உள்ள ஒரே எழுத்துச் சாட்சி.

"என்ன அது?" என்கிறான் டூயம்.

ஒன்றுமில்லை, என்று பையில் திணிக்கிறேன்.
உள்ளேதான்டா, என்கிறேன்.
நாளை ரொட்டிக் கடை வரிசையிலும் சொல்வேன்.