இரட்டைப் பதிவு

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூட மண்டபத்தில்
மேசைப்பந்து மேசைதான் எங்கள் தலைமையகம்.
வலைக்கு அந்தப் பக்கம் அரிசி மூட்டைகள்,
இந்தப் பக்கம் நான், ஒரு மடிக்கணினி,
புறக்கோட்டைக் கடையில்
சம்பளக் கணக்குப் பார்த்துத் தேய்ந்த விரல்கள்.

களனி ஏறிக்கொண்டிருந்தது.
நாகலகம் வீதி அளவுகோலில் எத்தனை அடி என்று
மணிக்கொரு தரம் யாரோ வந்து சொன்னார்கள்.
எனக்கு ஆறு தெரியாது.
திரையில் சிவப்புப் புள்ளிகள் தெரியும்.

"லோகேஷன் அனுப்புங்க" என்று எழுதினால்
ஒரு புள்ளி வந்து விழும்.
சேதவத்தையில் ஒன்று. வெல்லம்பிட்டியில் நாற்பது.
சோறு போய்ச் சேர்ந்ததும் பச்சையாக்குவேன்.
பச்சை என்றால் பார்சல் கைமாறிவிட்டது.
பசி தீர்ந்ததா என்று
அந்தப் பட்டியலில் கேள்வி இல்லை.

வரைபடத்துக்கு எங்கள் தோட்டங்கள் புரிவதில்லை.
48/113/7 என்ற வீடும் 48/113/92 என்ற வீடும்
அதற்கு ஒரே கூரை.
எண்பத்தாறு குடும்பங்கள்
ஓர் ஊசிமுனையில் நின்றன.
"பக்கத்தில என்ன இருக்கு?"
"பள்ளிவாசல்."
"தண்ணிக்கு மேல என்ன தெரியுது?"
"பள்ளிவாசல் ஸ்பீக்கர். போன் டவர்.
அதில ரெண்டு கோழி."

வென்னப்புவையிலிருந்து லொறியில் வந்த மீன்பிடி வள்ளம்
இரண்டு நாளைக்கு எங்களுடையது.
ருக்மால் இயந்திரம் பிடிக்க,
நியாஸ்தீன் போனைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்
கழுத்தில் தொங்கவிட்டிருந்தான்.
ருக்மாலுக்குக் கடல் தெரியும், தெரு தெரியாது.
"வலப்பக்கம் திரும்பவும்" என்று போன் சொன்ன இடத்தில்
யாரோ வீட்டு மதில் தண்ணீருக்கடியில் காத்திருந்தது.
முன்னூறு பார்சலோடு ஒரு மணி நேரம் மிதந்தார்கள்.
சந்திக்கு மேல் ஒரு நீலப் புள்ளி
மெல்லச் சுழல்வதை
நான் பிளேன்டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் இரவு,
ஒரே இலக்கத்திலிருந்து ஐந்து முறை.
ஐந்து பேருக்குச் சாப்பாடு.
பிறகு ஏழு பேர்.
பிறகு மூன்று பேர், ஒருவருக்கு இன்சுலின்.
பிறகு நான்கு.
பிறகு ஆறு, கைக்குழந்தைக்குப் பால்மா.
புள்ளிகள் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று.

பதற்றத்தில் அழுத்துகிறார்கள் என்றேன்.
சிலர் கூடுதலாகக் கேட்பார்கள் என்றும் நினைத்தேன்,
அதையும் எழுதத்தான் வேண்டும்.
ஒருவனுக்கு இருமுறை சம்பளம் போகாமல்
பதினொரு வருடம் பார்த்தவள் நான்.
நான்கு வரிகளைத் தெரிவுசெய்தேன்.
அழிக்கவா என்று கேட்டது.
ஆம்.

விடிய முன் ருக்மாலின் குரல், சிங்களத்தில்,
இயந்திர இரைச்சலுக்கு மேலால்:
"மிஸ், ஐந்து பார்சல் என்று போட்டிருக்கு.
இங்க மாடியில இருபத்தைந்து பேர்."

ஐந்து குடும்பம். ஒரு போன்.
மற்றவையெல்லாம் அணைந்துபோயின.
மிஸ்ரியா என்ற பெண்
தன்னுடையதைக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறாள்,
அவரவர் வீட்டுக் கணக்கை அவரவரே எழுதட்டும் என்று.
முதல் வீடு எழுதும்போது பன்னிரண்டு வீதம் சார்ஜ்.
ஐந்தாவது வீட்டுக்கு மூன்று.

அடுத்த தெருவின் பங்கை
ருக்மால் அங்கேயே இறக்கினான், என்னைக் கேட்காமல்.
இன்சுலின் பத்தரைக்குப் போனது.
பத்தரை என்றுதான் கோப்பில் இருக்கிறது.

தண்ணீர் வடிந்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன்.
மூன்று நாள் அசையாமல் கிடந்த என் நீலப் புள்ளி
ஒருகொடவத்தைச் சந்தியில் விக்கி நின்று
மறுபடி நகர்ந்தது.
ஒழுங்கை நெடுக மெத்தைகள்,
ஊதிப்போன அப்பியாசக் கொப்பிகள்,
வாய் திறந்து மல்லாந்த ஒரு பிரிட்ஜ்.
"நீங்கள் வந்துவிட்டீர்கள்" என்றது போன்,
சேற்றுக் கோடு என் நெற்றிக்கு மேலால் போன
ஒரு சுவருக்கு முன்னால்.

துடைப்பத்தோடு ஒருத்தி வெளியே வந்தாள்.
"யாரத் தேடுறீங்க?"
இலக்கத்தைச் சொன்னேன், மனப்பாடமாக.
"அது எண்ட நம்பர்தான். போன் தண்ணி குடிச்சிட்டுது.
அரிசிக்குள்ள பொதச்சு வெச்சீக்கிறன்.
நீங்க தந்த அரிசிதான்."

அழித்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.
"அந்த வாளிய இங்கால தாங்க," என்றாள்,
"சேறு காயிறத்துக்கு முந்தி."