முதல் அரைமணி

டக்கோமாவில் மழைக்குப் பஞ்சமில்லை.
ஆனால் எனக்கான மழை
வேலை நேரத்தில் வரவேண்டும்,
வெளிச்சம் இருக்கவேண்டும்,
வடிகாலின் வாயிலிருந்து ஒழுகவேண்டும்.
தரையை ஈரமாக்கிவிட்டுப் போகும் தூறல்
கணக்கில் சேராது.

மூன்று வாரமாகக் காரில் கிடக்கின்றன
ஆய்வகம் அனுப்பிய புட்டிகள்,
ஐஸ் பெட்டி, நீலக் கையுறை.
பின்சீட்டில் பிள்ளையை உட்காரவைப்பதுபோல்
பெல்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

ஏப்ரல், செவ்வாய், பத்து நாற்பது.
துறைமுகத்தின் மேல் மேகம் கறுத்தது.
ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு டவிட்டா கத்தினான்:
"உன் ஆள் வந்துட்டான்!"

ஓடினேன்.
யார்டு முழுக்க இரும்புச் சுருள்,
பிளந்துபோட்ட எஞ்சின்கள்,
லாரிகள் தேய்த்துவிட்டுப்போன டயர்க் கருமை.
மழை யாரையும் குற்றம் சொல்லாமல்
எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்தது
சரிவு காட்டிய பக்கம்.
இரண்டாம் எண் வடிகாலில் குப்புறப் படுத்துப்
புட்டியை நீட்டினேன்.

சென்னையில் மொட்டைமாடிக் குழாயில்
முதல் மழையைத் திறந்துவிடுவோம்,
தொட்டிக்கு அதற்கு அடுத்த மழைதான்.
இங்கே அந்த வேண்டாத தண்ணீருக்குத்தான்
எனக்குச் சம்பளம்.
ஒழுகத் தொடங்கிய அரைமணிக்குள் பிடிக்கவேண்டும்.
அதற்குப் பிறகு வருவதெல்லாம்
முகம் கழுவிக்கொண்டு வந்த சாட்சி.

படிவம்.
நிறம்: தேநீர். அடித்துவிட்டு: பழுப்பு.
வாசம்: டீசல், லேசாக.
சேகரித்தவர்: மங்கையர்க்கர
அதற்குமேல் கட்டம் இல்லை.

பன்னிரண்டு நாளில் முடிவு வந்தது.
செம்பு அடங்கியிருந்தது, ஈயமும்.
எண்ணெய் கண்ணில் படவில்லை.
துத்தநாகம் மட்டும் வரம்பைப்போல் மூன்று மடங்கு,
தொடர்ந்து மூன்றாவது காலாண்டாக.

ஹால்வர்சன் தாளை என் மேசையில் போட்டார்.
"பெருக்கினோம், வடிகாலுக்கு வலை கட்டினோம்,
குவியலுக்குத் தார்ப்பாய் போர்த்தினோம்.
இன்னும் என்ன வேணுமாம் உன் மழைக்கு?"

என் மழை.
எல்லோருக்கும் அது என்னுடையதாகிவிட்டது.

அடுத்த மழையில் நான் வடிகாலுக்குப் போகவில்லை.
தண்ணீர் வந்த வழியே பின்னோக்கி நடந்தேன்,
இடத்துக்கொரு புட்டி:
எடைமேடை, லாரிப் பாதை, குவியலின் அடி,
கடைசியில் ஷெட்டின் கூரைக்குழாய்.
அங்கே பழைய இரும்பு இல்லை, டயர் இல்லை,
மழையும் தகரமும் மட்டும்.
எண் அங்கேதான் உச்சத்தில் இருந்தது.

துத்தநாகம் பூசிய கூரை
துருவுக்கு வழிவிடாமல்
தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக
மழைக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது,
முப்பது வருடமாக, சத்தமில்லாமல்.

தடுப்புத் திட்டம், பக்கம் பதினான்கு.
நடவடிக்கை ஒன்று: சரக்கு நனையாதிருக்கக் கூரை.
எழுதியது நான்.

பெயிண்டுக்கு அடுத்த வருடம்தான் பணம்.
அதுவரை குழாயடியில் ஒரு மரப்பெட்டி,
உள்ளே சிப்பி ஓடும் கரியும்.
ஓடு டவிட்டாவின் மச்சான் உணவகத்திலிருந்து;
இரண்டு நாள் யார்டெங்கும் கடல் நாறியது.
ஜூனில் எண் இறங்கியது.
வரம்புக்குள் இல்லை,
வரம்பின் வாசல்படிவரை.

இது அக்டோபர்.
கோடை முழுக்க மழையில்லை,
தரையில் தூசி வட்டியோடு கிடக்கிறது.
ஓடை கடலைத் தொடும் இடத்தில்
கோஹோ மீன்கள் வந்து நிற்கின்றனவாம்,
மேலே ஏற ஒரு நல்ல மழைக்காக.
டவிட்டா சொன்னான்,
சொல்லிவிட்டு வடிகாலைப் பார்த்தான்.

முதல் அரைமணியை
நான் புட்டியில் பிடிப்பேன்,
அவை செவுளில்.

வானிலைச் செயலி வியாழன் என்கிறது.
எழுபது சதவீதம்.
பெட்டியில் ஓட்டை மாற்றிவிட்டோம்.
பூட்ஸ் கதவோரம் இருக்கிறது.
வரட்டும் என்று சொல்ல
இந்த ஒரு தடவை வாய் வரவில்லை.