பேரீச்சங்காரை

ஜார்ஜ் டவுனில் பேர் மாறிப்போன ஒரு சாலையில்
யூதர் கல்லறைக்கு இடிந்த சுவரை எழுப்பிக்கொண்டிருந்தேன்.
ஒன்றுக்கு நாலு. தண்ணீர் மட்டும் கஞ்சத்தனமாய்.
பங்குனி வெயில். பினாங்கில் அதற்குத் தனிப் பேர் கிடையாது.

கிராப் காரிலிருந்து இறங்கினாள்.
மொசெல் என்றாள், பிறந்தது இங்கே, இருப்பது சிட்னி என்றாள்,
பெரியப்பாவின் கல் எது என்று என்னைக் கேட்டாள்.
எனக்கு அந்த எழுத்துத் தெரியாது, பாசி தெரியும்:
மூன்றாம் வரிசை, பாசி குறைந்தது.
என் ஜல்லிக் குவியலில் ஒன்றைக் கேட்டு வாங்கி
அதன் தலைமேல் வைத்தாள்.
பூ விலை ஏறிவிட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு பையிலிருந்து ஒரு மைலோ டப்பா.
'இதுவும் சிமென்தான்' என்றாள், துருப்பிடித்த மலாயில்.
பழுப்பு. ஈரம். கரணையில் நிற்கும் பதம்.
ரமலான் சந்தைப் பேரீச்சை,
வால்நட் விலைக்குப் பயந்து முந்திரி,
ஆப்பிள் போகட்டும் என்று சௌராஸ்தாவின் ஜாதிக்காய் ஊறுகாய்.
நாளை இரவு பண்டிகையாம்.
எந்தக் காலத்திலோ ஒரு ராஜாவுக்குச் செங்கல் அறுத்தார்களாம்,
கூலி இல்லை, கடைசியில் வைக்கோலும் இல்லை;
அந்தச் சேற்றைத்தான் இப்படித் தின்கிறார்களாம்.

நான் வியப்பேன் என்று பார்த்தாள்.
எங்கள் பக்கம், அம்மணி, சுண்ணாம்பு அரைக்கும்போதே
கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் கரைத்து ஊற்றுவார்கள்.
தின்றது சுவர். ஆள் இல்லை.
இதையெல்லாம் மலாயில் சொல்ல வரவில்லை.
'மானிஸ்' என்றேன். தலையாட்டினாள்.

எப்படி வெளியே வந்தார்கள் என்று கேட்டேன்.
இரவோடு இரவாக, மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல்.
பாஸ்போர்ட்?
சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.
என்னுடையது பட்டர்வொர்த்தில், ஏஜெண்டின் இரும்புப் பெட்டியில்;
பர்மிட் செத்துப் பதினொரு மாதம்.
கசப்புக் கீரையோடு சாப்பிட வேண்டுமாம்,
கீரை கொண்டுவரவில்லை, மன்னிக்கணும் என்றாள்.
பரவாயில்லை என்றேன்.

ஒரு செங்கலையாவது அதில் பதித்தேன் என்று
சொல்லத்தான் ஆசை.
இல்லை. பாங்கு கேட்டதும் கொங்சியில்
ரங்பூர் ஷஃபிகுல் அதில்தான் நோன்பு திறந்தான்.
மிச்சத்தை விரலால் நான் வழித்தேன்.
யாரும் டப்பாவைக் கழுவவில்லை.

காலையில் தண்ணீர் மொள்ள அது வசதியாய் இருந்தது.
இப்போது கிழக்கு மூலையில், நேற்றுக் கட்டிய இடத்தில்,
எறும்பு ஏறுகிறது.
கலவையில் என்னடா போட்டாய் என்று
மேஸ்திரி கத்துகிறார்.